மொட்டை மாடி நடையும் மனசும்: வாசகர் கேள்விகள், மனநல மருத்துவர் பதில்கள்

"ஊரடங்கும் மனநலமும்" என்று தலைப்பு கொடுத்துத்தான் இந்த முறை கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் வாக்கிங், ஜிம், முட்டி வலி. மனநல டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கிறார்களே என்று ஆசிரியர் குழுவில் சிரித்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. கொரோனா இரண்டாம் அலைக்காக 2021 மே 10ஆம் தேதி மறுபடி ஊரடங்கு தொடங்கியதிலிருந்து போனில் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களும் உடம்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். கை கால் குடைச்சல், முதுகு வலி, பசியில்லை என்று தொடங்கி, பத்து நிமிடம் பேசிய பிறகுதான் தூக்கம் போனதும், பயமும், வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்காததும் வெளியே வரும். அதனால் இந்த 2021 ஜூன் மாதம் முழுக்க உடம்பும் மனசும் பற்றியே பேசிவிடலாம்.

பெங்களூரில் வேலை. போன வருடம் மார்ச்சில் ஈரோட்டுக்கு அம்மா அப்பாவிடம் வந்தவன், இன்னும் இங்கிருந்துதான் வேலை பார்க்கிறேன். வயது 33. வாரத்தில் ஐந்து நாள் ஜிம்முக்குப் போவேன், மறுபடி மூடிவிட்டார்கள். ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் கோபம், ராத்திரி 2 மணி வரை தூக்கமில்லை, அப்பா டிவி சத்தம் கேட்டாலே எரிச்சல். ஜிம் இல்லாததுதான் காரணமா, இல்லை எங்கு பார்த்தாலும் சாவுச் செய்தியாக இருப்பதா? மொட்டை மாடியில் தினம் 10,000 ஸ்டெப்ஸ் நடந்தும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. (வாசகர், ஈரோடு)

இரண்டும்தான் தம்பி. அதிலும் உங்களைப் போல வருடக்கணக்கில் பழகின உடம்பு சட்டென்று நின்றால், ஓரிரு வாரத்திலேயே எரிச்சலும் சோர்வும் தலைகாட்டுவதைப் பெருந்தொற்று வருவதற்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்போது உலகமே ஒரே நேரத்தில் நின்றுபோனது. ஒரு கைப்பேசிச் செயலியை வைத்திருந்த நாலரை லட்சம் பேரின் நடையை 187 நாடுகளில் கணக்கெடுத்தார்கள். கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த 2020 மார்ச் 11க்குப் பிறகு முப்பதே நாளில், ஒருவர் ஒரு நாளில் நடக்கும் சராசரி அடிகள் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தன. கடுமையாகப் பூட்டிய இத்தாலியில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. பெரிதாகப் பூட்டாத ஸ்வீடனில் 7 சதவீதம்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரி. 10,000 நடந்தும் மாறவில்லை என்கிறீர்களே, அது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் எழுநூறு பேர் போல, அடி எண்ணும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஓர் ஆய்வில் இருந்தார்கள். கொரோனா வந்ததும் அவர்களுடைய நடை நாளைக்குப் பத்தாயிரம் அடியிலிருந்து நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்தது, நண்பர்களோடு இருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போனது, திரை பார்க்கும் நேரம் இரட்டிப்புக்கு மேல் ஏறி ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. யாருக்கு மனச்சோர்வு வரும் என்று முன்கூட்டிச் சொல்வதில் நடை குறைந்த அளவுதான் முன்னால் நின்றது. சரி, அப்படியென்றால் நடக்க வைத்தால் மனசு சரியாகிவிடுமே என்று, அவர்களில் சிலருக்கு மட்டும் இரண்டு வாரம் காசு கொடுத்து நடக்க வைத்துப் பார்த்தார்கள். நடந்தார்கள், அதில் குறையில்லை. மனநிலை மட்டும் பெரிதாக அசையவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான ஆய்வு இது. உடற்பயிற்சி செய்தால் மனசு லேசாகும் என்று பேசுகிற எல்லோரும் (நானும்தான்) ஒரு தடவை படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இதை வைத்து நடை வீண் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வாரம் என்பது குறைவு, அதுவும் ஊரே முடங்கிக் கிடக்கும்போது. ஆனால் நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: ஜிம் மூடியபோது உங்களிடமிருந்து போனது வெறும் தசைப் பயிற்சி மட்டுமில்லை. ஆறு மணிக்கு அலாரம், ஷூ மாட்டுவது, பைக்கில் முகத்தில் அடிக்கும் காற்று, மாஸ்டர் "என்ன தம்பி நேத்து காணோம்" என்று கேட்பது, குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்கு வேலையில் உட்கார்வது, இப்படி அதோடு சேர்ந்து நாளுக்கே ஓர் ஒழுங்கு இருந்தது, அது மொத்தமும் போயிற்று. அடியை மட்டும் எண்ணி மொட்டை மாடியில் சுற்றினால் அதெல்லாம் திரும்பி வராது. அதுவும் நீங்கள் எந்த நேரத்தில் சுற்றுகிறீர்கள்? ராத்திரி பதினோரு மணிக்கு, கணக்கை முடிக்க என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு வாரம் அடி எண்ணும் செயலியை மூடி வையுங்கள். காலை ஆறரைக்கு, தூக்கம் வந்ததோ வரவில்லையோ, ஷூ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் ராத்திரி எப்போது தூங்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். ஜிம் நண்பர் ஒருவரை வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தண்டால், பைக்குள் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவது, இது போதும், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பேச்சு முக்கியம், அவர் உங்களைக் கிண்டல் செய்ய வேண்டும், நீங்கள் அவரை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடும் பயிற்சி வேண்டாம். செய்திச் சேனலும் இரங்கல் ஸ்டேட்டஸும் படுக்கைக்கு வர வேண்டாம். 2021 ஜூன் 14 முதல் காலை 6 மணியிலிருந்து 9 வரை பூங்காவில் நடக்கலாம் என்று அரசு தளர்வு கொடுத்தது 27 மாவட்டங்களுக்குத்தான், தொற்று குறையாத 11 மாவட்டங்களில் உங்கள் ஈரோடும் ஒன்று. அதனால் இப்போதைக்கு மாடிதான். இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரத்தில் தூக்கமும் கோபமும் இப்படியே இருந்தால் ஒரு மனநல மருத்துவரிடம் போனிலாவது பேசுங்கள், ஜிம் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். மூன்று வேளைச் சமையல், படுக்கையில் இருக்கும் மாமியார், இரண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, வேலைக்கு வரும் அம்மாவையும் நிறுத்தியாயிற்று. கொஞ்ச நேரம் வாக்கிங் போகிறேன் என்றால் கணவர், "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே, உனக்கெதுக்குத் தனியா" என்கிறார். உடம்பு அலுத்துப் போகிறதே தவிர மனசு லேசாகவில்லை. குக்கர் விசில் அடித்தாலே அழுகை வருகிறது. வயது 46. (வாசகி, மதுரை)

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி அம்மா, அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுவோம். 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று இருக்கிறது. அதில் வீட்டு வேலையும் சேர்த்திதான். முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்றார்கள், இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நீங்கள் துணி துவைப்பது கணக்கில் வரும்.

மனசுக்குத்தான் அந்தக் கணக்கு செல்லாது. எந்த மாதிரி உழைப்பு மனதை என்ன செய்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் தானாக விரும்பிச் செய்கிறவர்களுக்கு மனநலம் நன்றாக இருந்தது, வேலைக்காக உடம்பை வருத்துகிறவர்களிடம் மனக்கஷ்டம்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே கை, ஒரே கால், ஒரே வியர்வைதான். ஆனால் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது உங்கள் காது அடுப்படியில் இருக்கிறது, பாத்திரம் கழுவும்போது பெரியவனுக்கு நெட் போய்விட்டதாம், கூப்பிடுகிறான். எந்த நேரமும் யாராவது கூப்பிடலாம் என்று காத்துக்கொண்டே இருக்கும் உழைப்பில் மனசு எங்கே ஓய்வெடுக்கும்?

அதனால் நான் உங்களுக்கு எழுதித் தருவது அரை மணி நேர வாக்கிங் என்பதைவிட, யாரும் கூப்பிடாத அரை மணி நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமே என்று தோன்றும், எடுக்காதீர்கள். வடகம் காய்ந்ததா என்று பார்க்காதீர்கள். பக்கத்து மாடியில் அந்த அக்கா நின்றால் கைப்பிடிச் சுவர் ஓரமாக, இடைவெளி விட்டு, பேசிக்கொண்டே நடங்கள், அது மருந்தில் பாதி. வேகமாக நடக்க வேண்டும், வியர்க்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்றால், உங்கள் கணவரிடமிருந்துதான். ஐயா, இதைப் படித்தால்: வீட்டு வேலை அவ்வளவு நல்ல எக்சர்சைஸ் என்றால் ராத்திரிப் பாத்திரத்தையும் அம்மாவைத் துடைத்துவிடுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், தொப்பைக்கும் நல்லது.

இன்னொன்று அம்மா, குக்கர் விசிலுக்கு அழுகை வருவதை "அலுப்பு" என்று ஒதுக்காதீர்கள். 46 வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் நேரத்து மாற்றம், தைராய்டு, ரத்தசோகை, இந்த மூன்றும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும், மனச்சோர்வோடு சேர்ந்தும் வரும். ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அழுகை தினமும் வந்தால், "நான் இல்லாமல் போனால் நன்றாயிருக்கும்" என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அன்றைக்கே 104க்கு அழையுங்கள். அரசின் இலவச எண், மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

12 வயது மகன். காலையில் ஆன்லைன் வகுப்பு, அப்புறம் போனில் ஃப்ரீ ஃபயர் கேம். கட்டிலை விட்டு இறங்குவதில்லை. எக்சர்சைஸ் செய் என்றால் கத்துகிறான். எடை கூடிவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. (வாசகி, தாம்பரம்)

பள்ளிக்கூடம் மூடியதோடு அவனுக்குப் போனவற்றை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பி.டி. பீரியட், இடைவேளையில் துரத்திப் பிடிப்பது, மணி அடித்ததும் படிக்கட்டில் விழுந்தடித்து ஓடுவது, டியூஷனுக்கு சைக்கிள். இதில் எதையுமே அவன் எக்சர்சைஸ் என்று செய்ததில்லை. இப்போது போய் அந்தப் பெயரில் கொடுத்தால் அது இன்னொரு ஹோம்வொர்க். அவன் நண்பர்கள் எல்லாம் ஃப்ரீ ஃபயரில் இருக்கிறார்கள், அதனால்தான் அவனும் அங்கே இருக்கிறான். அதை மட்டும் பிடுங்கினால் மிச்சமிருக்கும் நாலு நண்பர்களும் போய்விடுவார்கள்.

குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடுவது வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரே மூச்சில் தேவையில்லை. இரண்டு வகுப்புக்கு நடுவே ஐந்து நிமிடம் ஸ்கிப்பிங் கயிறு, யார் அதிகம் குதிப்பது என்று உங்களோடு பந்தயம். (நீங்கள் தோற்க வேண்டும், சிரமப்படாமலே தோற்பீர்கள்.) சாயங்காலம் அவன் அப்பாவோடு கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் பந்து கிரிக்கெட். அபார்ட்மென்ட் அசோசியேஷன் விளையாடும் இடத்தைக் கயிறு கட்டி மூடியிருப்பார்கள், தெரியும். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் என்று முறை வைத்துத் திறந்துவிடச் சொல்லிச் செயலாளரிடம் கேளுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் முடியாது என்று சொல்ல மாட்டார். 2020இல் ஸ்பெயினில் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் 26 வரை குழந்தைகளை வாசலுக்கே விடவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு பெரியவர்கள் தெருவில் நடக்கலாம், பிள்ளை மட்டும் ஜன்னலோரம். பெற்றோர் கொதித்த பிறகுதான் ஒரு மணி நேரம் வெளியே விட்டார்கள். இங்கேயும் பிள்ளைகளுக்காக யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

எடையைப் பற்றி அவன் காதுபடப் பேச வேண்டாம். குளிக்க மறுப்பது, பிடித்த சாப்பாட்டையும் ஒதுக்குவது, கேமிலேயே நாட்டம் குறைவது, இப்படி ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வயது 68. அண்ணா நகர் பூங்காவில் பதினைந்து வருடமாக வாக்கிங். எங்கள் கோஷ்டியில் இந்த அலையில் மூன்று பேர் போய்விட்டார்கள். இப்போது பூங்கா திறந்துவிட்டார்கள், இரண்டு ஊசியும் போட்டாயிற்று, ஆனாலும் அங்கே போகக் கால் வரவில்லை. மாடியில் எட்டு போட்டு நடந்தால் சர்க்கரை, ஆஸ்துமா, மன அழுத்தம் எல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (வாசகர், சென்னை)

எட்டு நடை எல்லா நோயையும் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை ஐயா. வடக்கு தெற்காகத்தான் போட வேண்டும், இத்தனை நிமிடம் இந்தப் பக்கம் இத்தனை அந்தப் பக்கம் என்பதெல்லாம் பார்வர்ட் ஆகி ஆகிச் சேர்ந்த அலங்காரம். ஆனால் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. சின்ன மாடியில் நேராக நடந்தால் இருபது அடியில் சுவர் வந்துவிடும், அலுத்துப்போகும். எட்டில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், காலை எங்கே வைக்கிறோம் என்று கவனிக்க வேண்டும், அந்த நேரம் மனசு கொஞ்சம் வேறு எங்கும் போகாமல் இருக்கும். நடை எந்த வடிவத்தில் நடந்தாலும் சர்க்கரைக்கு நல்லதுதான். தலைசுற்றல் உள்ளவர்கள், முட்டி தேய்ந்தவர்கள் மட்டும் சின்ன எட்டு போடாதீர்கள், திருப்பத்தில் முட்டி முறுக்கிக்கொள்ளும். வெறுங்காலில் நடந்தால்தான் பலன் என்று எழுதியிருப்பார்கள், சர்க்கரை இருந்தால் அதைக் கேட்காதீர்கள், வெயிலேறிய மாடித் தரை பாதத்தைச் சுட்டுவிடும், உணர்ச்சி குறைந்த காலுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீர்த் தொட்டி வழிந்து பாசி பிடித்த பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

2020இல் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற பழைய ராணுவ கேப்டன், நூறாவது பிறந்தநாளுக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை நூறு தடவை நடந்து மருத்துவப் பணியாளர்களுக்காக நிதி திரட்டினார், நடைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு. மூன்று கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இடம் சின்னது என்பது பெரிய தடையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் தடை இடம் இல்லையே. போய்விட்ட அந்த மூன்று பேரும் உட்கார்ந்த பெஞ்ச் அங்கே இருக்கிறது, அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவர்களுக்கு முறையாக ஒரு துக்கம் விசாரிக்கக்கூட உங்களால் போயிருக்க முடியாது, இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த காலம். கோஷ்டியில் மீதி இருப்பவர்களுக்குப் போன் போடுங்கள். எல்லோரும் ஆறரைக்கு அவரவர் மாடியில் ஏறி, கான்பரன்ஸ் காலில் பேசிக்கொண்டே நடங்கள், போனவர்களைப் பற்றியும் பேசுங்கள், அழுகை வந்தால் வரட்டும். பிறகு ஒரு நாள் இரண்டு பேராகச் சேர்ந்து பூங்காவுக்குப் போகலாம், கூட்டம் இல்லாத நேரமாக, மாஸ்க்கோடு. முதல் நாள் பெஞ்ச் வரை போய்த் திரும்பினாலே போதும். போக முடியவில்லை என்றால் வேறு தெருவில் நடங்கள், அந்தப் பூங்காவில்தான் நடக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

மே முதல் வாரம் கொரோனா, ஐந்து நாள் ஆக்சிஜன், ஸ்டீராய்டு. இப்போது நெகட்டிவ். மாரத்தான் ஓடுகிறவன், வயது 41. போன வாரம் 3 கி.மீ. ஓடினேன், அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வீட்டில் சோம்பேறி ஆகிவிட்டேன் என்கிறார்கள். ஓடாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. (வாசகர், கோவை)

நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் எல்லோரையும் நடக்கச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் உட்காரச் சொல்கிறேன்.

நெகட்டிவ் என்றால் வைரஸ் போய்விட்டது என்றுதான் அர்த்தம், நுரையீரலும் இதயத் தசையும் பழையபடி ஆகிவிட்டன என்று அர்த்தமில்லை. வீட்டிலேயே லேசாக வந்து போனவர்களுக்கே, அறிகுறி எல்லாம் அடங்கி ஏழு நாளாவது ஆன பிறகு தொடங்கு, முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்காத அளவு மட்டும் செய் என்றுதான் 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வழிகாட்டியது. ஆக்சிஜன் வைத்தவர் நீங்கள், ஈ.சி.ஜி. எடுத்து, நுரையீரலைப் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் ஓட்டத்தைப் பற்றி நினைக்கவே வேண்டும். வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருக்கும், இப்போது எந்த வீட்டில்தான் இல்லை. சமதளத்தில் ஆறு நிமிடம் நடந்து அளந்து பாருங்கள், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே வந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல், இதில் ஒன்று வந்தாலும் நடப்பதையே நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள்.

ஓடிய அன்று நன்றாக இருந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ அடித்துப் போட்டதுபோல் விழுவது சோம்பேறித்தனமில்லை. கொரோனாவுக்குப் பிறகு பலரிடம் இதைப் பார்க்கிறோம். இவர்களிடம் "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, மனசை விடாதே" என்று தள்ளினால் இன்னும் மோசமாகிறார்கள். வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். இன்றைக்குச் செய்ததற்கு நாளைக்கு உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த அளவு. முதலில் தெரு முனை வரை பேசிக்கொண்டே போய் வரும் நடை, வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம்.

பைத்தியம் பிடிப்பது போலிருக்கிறது என்றீர்களே, அதைச் சின்னதாக நினைக்கவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப்போடும், சர்க்கரையையும் ஏற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை எல்லாக் கஷ்டத்தையும் ஓடியே கரைத்த ஆள் நீங்கள் என்று தோன்றுகிறது. இந்த இரண்டு மாதத்துக்கு அதைப் பேசிக் கரைக்க ஓர் ஆள் வேண்டும், அது ஆலோசகராகவும் இருக்கலாம், உங்களோடு ஓடும் நண்பராகவும் இருக்கலாம்.

மனச்சோர்வுக்குப் பத்து மாதமாக மாத்திரை எடுக்கிறேன், இப்போது பரவாயில்லை. தினமும் ஓடினால் எண்டார்ஃபின் என்கிற உற்சாக ரசாயனம் சுரக்கும், மாத்திரையே வேண்டாம் என்கிறான் அண்ணன். நிறுத்தட்டுமா? (வாசகி, திருச்சி)

ஓடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அண்ணன் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999இல், மனச்சோர்வு உள்ள ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும். மாத்திரை கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்தது, ஆனால் 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. நார்வேயில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினொரு வருடம் தொடர்ந்து பார்த்ததில், வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூடப் பின்னால் வரும் மனச்சோர்வைக் குறைப்பதாகத் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், அது யாருக்கும் முடியும்.

ஆனால் டியூக் ஆய்வில் பயிற்சி செய்தவர்களைக் கூப்பிட்டு, கூட்டமாக, மேற்பார்வையில் செய்ய வைத்தார்கள். ஊரடங்கில் திருச்சியில் ஒற்றையாக ஓடுவது அது இல்லை. அதோடு, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு, தூக்கக் கெடுதல் எல்லாம் வரும், வியாதி திரும்பவும் வரலாம். நிறுத்தும் நேரமும் வரும், உங்கள் டாக்டர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார், பெருந்தொற்றின் நடுவே அதற்கு அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி.

எண்டார்ஃபின் பற்றி அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்: ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் அவ்வளவு லேசில் நுழையாது. அது வேலை செய்யாமல் மருந்தால் தடுத்துவிட்டு ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் உற்சாகம் வந்தது. உடம்பே தயாரிக்கும் கஞ்சா போன்ற வேறு பொருள்கள்தான் காரணம் என்று இப்போது பேசுகிறார்கள். ஜிம் மாஸ்டர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

உடற்பயிற்சி என்றாலே எனக்கு அலர்ஜி. குத்துப் பாட்டுப் போட்டு அறையில் ஆடினால் கணக்கில் வருமா? மாஸ்க் போட வேண்டுமா? (வாசகி, நாகர்கோவில்)

தாராளமாக வரும். மூச்சு வாங்கும், பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு ஆடினால் அதுதான் மிதமான உழைப்பு. மூன்று பாட்டு ஆடினால் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாளென்றால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்தது. வீட்டில் தனியாக ஆடும்போது மாஸ்க் எதற்கு? வெளியிலும் வேகமாக ஓடும்போது மாஸ்க் வேண்டாம், வியர்வையில் நனைந்து மூச்சை அடைக்கும், அதற்குப் பதில் ஆளுக்கு ஆள் தள்ளி ஓடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. கீழ் வீட்டில் யாராவது தூங்குகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஆடுங்கள்.